பெயருக்கு விட்ட இடம்

சிவமயம்

சண்டிலிப்பாய்
தாது வருடம் ஆவணி 28

அன்புள்ள மருமகன் சீவரத்தினத்துக்கு மாமி தங்கமுத்து எழுதுவது.

சுகம் கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு மட்டும் போனவள். அந்த வரியை இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. விட்டுவிட்டேன். பிழை எடுக்காதையும்.

பத்மாவதி போய் இன்றைக்குப் பதினெட்டு நாள். உம்முடைய அப்பா உமக்கு அறிவித்துவிட்டேன் என்று சொன்னார். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் நான். ஆனபடியால் நானும் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நோக் கண்டது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். விடியக் கார் பிடித்துக் கொண்டு போனோம். உம்முடைய அப்பாவும் சுன்னாகத்திலிருந்து வந்து சேர்ந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், சுணங்கினால் இரண்டு உயிருக்கும் பயம் என்றார். அதற்குப் புருசனுடைய கையெழுத்து வேண்டும், புருசன் ஊரில் இல்லையென்றால் அவர் பக்கத்துப் பெரியவருடைய கையெழுத்து வேண்டும் என்றார். நான் போடுகிறேன் என்றேன். நீங்கள் பெற்றவர்தான், ஆனால் கட்டிக் கொடுத்த பிள்ளை அல்லவா என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பத்மாவதிக்கு எல்லாம் விளங்கியது. அவள் மயங்கிக் கிடக்கவில்லை தம்பி. நோ வந்து போகிற இடைவெளியில் தெளிவாகக் கதைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வெட்டச் சொல்லணை. எனக்குச் சாக விருப்பமில்லை" என்றாள். லூர்த்தம்மா என்று நோயாளரைப் பராமரிக்கிற மிஸி ஒருத்தி அங்கே நின்றவள். அவள் கேட்டுவிட்டு ஓடிப்போய் டொக்டரிடம், பிள்ளையே கேட்கிறது ஐயா என்று சொன்னாள். டொக்டர் தலையை ஆட்டினார். நோவிலே கேட்கிறாள், பொறுப்பு ஒருவர் எடுக்க வேண்டும் என்றார்.

உம்முடைய அப்பா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே போனார். திரும்பி வந்து, "பொறுங்கோ தங்கச்சி. கேட்டிருக்கிறம்" என்றார். யாரைக் கேட்டது என்று சொல்லவில்லை. சாத்திரியாரை என்று நான் நினைத்தேன்.

புதன் காலை தொடங்கி வியாழன் பகல் பதினொரு மணி மட்டும் அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். பிறகு கேட்கவில்லை. பிள்ளை ஆண். அதுவும் மூச்சு விடவில்லை.

உமக்கு இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இங்கே மாதர் சங்கத்தில் ஞானாம்பிகை என்று ஒரு ரீச்சர் இருக்கிறா. சாவுத் துடக்கு வீடு என்றும் பாராமல் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தவ. அவ ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறா. பேற்றுக்கு வந்த பெண் புத்தி தெளிவாகத் தன் வாயால் கேட்டால் அதுவே போதும், வேறு ஆருடைய கையெழுத்துக்கும் காத்து நிற்கக் கூடாது என்று ஆசுப்பத்திரி நடத்துகிறவர்களைக் கேட்கிற விண்ணப்பம். எங்கள் ஊரில் பாதிப் புருசன்மார் மலாயாவில்தானே. கடல் தாண்டிக் கையெழுத்து வரும் மட்டும் வயிற்றுப் பிள்ளை பொறுக்குமோ?

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை சைவப் பள்ளிக்கூடத்தில் இதற்குக் கூட்டம் வைக்கிறார்கள். பேப்பரில் இப்பவே சண்டை தொடங்கிவிட்டது. ஒருவர் எழுதியிருக்கிறார், பெண்களின் கண்ணீரை வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குச் சட்டம் எழுதலாகாது என்று. உம்முடைய அப்பாவும் அந்தப் பக்கம்தான். செத்தவளுடைய புருசன் கையெழுத்து வைத்தால் இதைக் கண்ணீர் என்று ஒருத்தரும் தள்ளமாட்டார்கள் என்று ரீச்சர் சொல்லுகிறா.

தம்பி, விண்ணப்பத்தின் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். கடைசியில் உம்முடைய பெயரை எழுதி அனுப்பும். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதினேன். எழுத்துப் பிழையைப் பாராட்டாதையும்.

மாமி
தங்கமுத்து

*

சிரம்பான்
26-9-1936

மதிப்புக்குரிய மாமிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதிய அளவுக்கு அப்பா எழுதவில்லை. அவள் போன விதத்தைப் பற்றி "எவ்வளவோ பார்த்தோம், விதி" என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் கதைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. மயக்கத்திலே போனாள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இனி அதுவும் இல்லை.

நான் இங்கே வேலைக்குப் போய் வருகிறேன். ரெயில் வருகிறது, போகிறது, கொடி காட்டுகிறார்கள், நான் புத்தகத்தில் நேரம் பதிகிறேன். குவாட்டர்சில் நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூள் போத்தல் பாதியில் இருக்கிறது. ஊருக்குப் புறப்பட்ட அன்று அவள் மூடிவிட்டுப் போன மூடி. நான் திறக்கவில்லை.

மாமி, நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத முன்பு நான் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போல இருக்கிறது. அந்தப் புதன்கிழமை அப்பா யாழ்ப்பாணம் பெரிய தபாற் கந்தோருக்குப் போய் எனக்குத் தந்தி அடித்தார். அவர் கேட்டிருக்கிறோம் என்றது என்னைத்தான். "பத்மாவதி கடுமை, ஒப்பரேசன், சம்மதம் அறிவி" என்று இருந்தது. எந்த ஆசுப்பத்திரி என்று இல்லை. பேற்றுக்குத் தாய் வீட்டில்தானே இருப்பாள் என்று நான் உங்கள் வீட்டு விலாசத்துக்குப் பதில் அடித்தேன். தந்தி கையில் கிடைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் அடித்தேன். பதில் வரவே இல்லை என்று அப்பா சொல்லுகிறார். நான் இங்குள்ள தந்திக் கிளாக்கரைக் கொண்டு விசாரித்தேன். புதன்கிழமை பின்னேரமே சண்டிலிப்பாயில் சேர்ப்பித்தாயிற்று, வீட்டார் ஒப்பமிட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று மறுமொழி வந்தது.

வீட்டில் யார் இருந்தது? யார் வாங்கியது? எனக்கு அது தெரிய வேண்டும். இரவில் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். நான் நேரத்துக்குப் பதில் அடித்தவன் மாமி. என் பக்கத்தில் சுணக்கம் இல்லை.

விண்ணப்பத்தைப் பற்றி. ஞானாம்பிகை ரீச்சர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் பத்மாவதியின் பெயர் பேப்பரில் வந்துவிட்டது என்று அப்பா மிகவும் மனம் நொந்து எழுதியிருக்கிறார். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் குடும்பப் பெண்ணின் பேறு பற்றிய கதை. நோவிலே ஒருத்தி சொல்லுவதை வைத்துக் கத்தியை எடுக்கலாமா என்றும் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. நான் ஆண்பிள்ளை, அந்த நோ எப்படி என்று தெரியாது. அப்பாவுக்கு எதிராகப் பெயர் வைப்பது லேசான காரியமும் அல்ல.

தந்தி விசயம் தெரிந்த பிறகு மற்றதைப் பார்ப்போம்.

இப்படிக்கு,
சீ. 

*

சிவமயம்

சண்டிலிப்பாய்
தாது வருடம் புரட்டாதி 22

மருமகன் சீவரத்தினத்துக்கு,

உம்முடைய கடிதம் வந்து இரண்டு நாள். முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அயலட்டையில் ஆரும் வாங்கியிருப்பார்கள், விசாரிக்கிறேன் என்று எழுதினேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தந்தியை வாங்கினது நான்.

புதன்கிழமை பின்னேரம் மிஸி லூர்த்தம்மா, பழைய சீலைத் துணி கொஞ்சம் கொண்டுவா அம்மா, மெத்தென்று இருக்க வேணும் என்றாள். அதற்காக வீட்டுக்கு வந்தேன். பெட்டகத்தைத் திறந்து துணி கிழித்துக்கொண்டு இருக்க, படலையில் சைக்கிள் மணி கேட்டது. தந்திச் சேவகன்.

உமக்கு நான் சொல்லத் தேவையில்லை, இந்த ஊரில் தந்தி என்றால் என்ன என்று. கலியாணத்துக்கும் தந்தி அடிக்கிறது பட்டணத்து ஆட்கள். எங்களுக்கு மலாயாவிலிருந்து தந்தி வந்தால் அது சாவு. உம்முடைய மாமா முத்துக்குமாரு, என் புருசன், கோலாலம்பூரில் போனபோது வந்த தந்தியை மூன்றாம் நாள்தான் வாத்தியார் வந்து திறந்தார். அதுவரைக்கும் ஒருத்தரும் திறக்கவில்லை. என்னத்துக்குத் திறக்கிறது? சேவகன் சைக்கிளை வேலியில் சாத்த முந்தியே நாங்கள் அழத் தொடங்கிவிட்டோம். வாத்தியார் திறந்து என்ன நோய் என்று மட்டும் சொன்னார்.

ஆனபடியால் அந்தக் கடுதாசியைக் கண்டவுடன் நீர் இல்லை என்று விளங்கிக்கொண்டேன். எனக்கு வேறு நினைவு வரவில்லை தம்பி. உம்மைக் கேட்டுத் தந்தி போனது என்று ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். பெண்கள் கத்திக் குழப்புவார்கள் என்று நினைத்து உம்முடைய அப்பா சொல்லாமல் விட்டார்.

நான் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தினால் அயல் கூடும், ஊர் கூடும், ஒரு மணித்தியாலத்தில் கதை ஆசுப்பத்திரிக்குப் போகும். என் பிள்ளை அந்த நோவோடு அதையும் கேட்டால் அப்பவே போய்விடும். வாசிப்பிக்க ஒருத்தரிடம் கொண்டு போகவும் பயம். சேவகன் ஒரு தாளை நீட்டி, இதில் பேர் வையுங்கோ அம்மா என்றான். தங்கமுத்து என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு நாளிலும் என் கையெழுத்தைக் கேட்டு வாங்கினவன் அவன் ஒருத்தன்தான்.

தந்தியைக் கூறைச் சீலைக்குக் கீழே வைத்துப் பெட்டகத்தைப் பூட்டினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

பிரேதம் எடுத்து முடிய, முற்றத்தில் ஆண்பிள்ளைகள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். உம்முடைய அப்பா, தம்பிக்கு அறிவித்தாச்சு, அவன் லீவு எடுத்து வந்து சேர மாட்டான் என்று சொன்னது எனக்குக் கேட்டது. என் பிள்ளையைச் சுடலைக்கு அனுப்பின அன்றைக்குத்தான் நீர் உயிரோடு இருக்கிறீர் என்று தெரிந்தது. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பெட்டகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஓம், முதற் கடிதத்தில் இதை எழுதாமல் மறைத்தேன். உம்முடைய அப்பாவில் எல்லாப் பழியையும் போட்டு எழுதினேன். நான் மறைத்தேன் என்று தெரிந்தால் நீர் கையெழுத்துத் தரமாட்டீர் என்ற பயம்.

இன்னும் அதை ஒட்டினபடியேதான் வைத்திருக்கிறேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. ரீச்சரிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்லுவா. கொண்டு போய்ப் படலை மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீரே எழுதும் தம்பி. அதிலே வெட்டச் சொன்னீரோ? ஓம் என்றால் அவளை நான்தான் கொன்றது. நான் அதைத் தெரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஒரு சொல் எழுதும்.

அது என்னவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் கையெழுத்து வையும். எனக்காக இல்லை. நான் ஒரு தந்தியைத் திறக்கத் தெரியாத மனிசி. உம்முடைய அப்பா கையெழுத்துப் போடப் பயந்தவர். நீர் கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் மூன்று பேரையும் விட அவளுக்கு நல்லாகத் தெரிந்திருந்தது. அவள் வாயைத் திறந்து கேட்டாள். அது போதும் என்று இருந்திருந்தால் தந்தியும் வேண்டாம், சேவகனும் வேண்டாம், நானும் வேண்டாம்.

தங்கமுத்து

*

சிரம்பான்
20-10-1936

மாமிக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டேசனில் வைத்து வாசித்தேன். அன்று இரண்டு வண்டிகளின் நேரத்தைப் பிழையாகப் பதிந்துவிட்டேன்.

ஒட்டிய கடுதாசி. ஒரு ஓரத்தைக் கிழிக்க எவ்வளவு நேரம் செல்லும்? நான் செத்துவிட்டேன் என்று முடிவு கட்ட உங்களுக்கு ஒரு சைக்கிள் மணி போதுமாக இருந்தது. என்னை இருக்கும்போதே சாக வைத்து, அவளை உண்மையிலே சாக வைத்தீர்கள். இப்படி எழுதுவது மரியாதை இல்லை என்று தெரியும். வேறு விதமாக எழுத வரவில்லை.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அவர் மேல் ஊரார் பழி சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? கூட்டத்தில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார்.

விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன். பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்தத் தந்தியைத் திறக்க வேண்டாம். எரித்துவிடுங்கள். அதில் உள்ளதால் இனி ஒருவருக்கும் பலன் இல்லை. ரீச்சரிடமும் காட்ட வேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

சீவரத்தினம்

*

சிவமயம்

சண்டிலிப்பாய்
தாது வருடம் கார்த்திகை 3

சீவரத்தினத்துக்கு,

எரிக்கச் சொன்னீர். அடுப்பு மூட்டி இரண்டு தரம் கையில் எடுத்தேன். என் பிள்ளையைப் பற்றி எழுதின கடைசிக் கடுதாசி அது. எரிக்க மனம் வரவில்லை. நீர் கேட்டது ஒரு காரியம். அதையும் நான் செய்யவில்லை. கேளும், எப்படி நடந்தது என்று.

கூட்டத்துக்கு நிறையச் சனம். ஆண்பிள்ளைகள் வாங்குகளில் இருந்தார்கள். எங்களுக்குப் பின்னாலே பாய் போட்டிருந்தது. ஞானாம்பிகை ரீச்சர் விண்ணப்பத்தை வாசித்தா. வாசித்து முடியவிட்டு உம்முடைய அப்பா எழும்பினார்.

அவர் முதலில் கோபமாகக் கதைக்கவில்லை. பகிடியாகத்தான் தொடங்கினார். "நோவிலை கிடக்கிறவள் சொல்லுறதெல்லாம் ஒரு சொல்லோ? என்ரை மனிசி ஒவ்வொரு பேற்றுக்கும், இனி உங்களைக் கிட்டவும் அண்டவிடன் எண்டு சத்தியம் பண்ணினவள். ஏழு பெத்தவள்" என்றார். வாங்குகள் எல்லாம் சிரித்தன. பாயில் இருந்தவர்களிலும் சிலர் சிரித்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் குணலட்சுமி இருந்தாள். எட்டு மாச வயிறு. புருசன் மலாயாவில், தைப்பிங்கில். அவள் சிரிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "பல்லுக் கொதியோடை ஆசுப்பத்திரிக்குப் போற ஆம்பிளையிட்டை, பெண்சாதியின்ரை கடுதாசி எங்கை எண்டு கேக்கினமோ?" என்றாள். இந்தமுறை பாயெல்லாம் சிரித்தது. வாங்கில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதோடு அவருக்குக் கோபம் வந்தது. என் பக்கம் கையை நீட்டினார். என் மகன் ஒரு மணித்தியாலத்தில் மறுமொழி அனுப்பினான், இந்த மனிசிதான் அதை வாங்கி ஒளித்து வைத்தது, ஒரு தந்தியைத் திறந்து பார்க்கத் தெரியாத பெண்களிடமா உயிரும் சாவும் தீர்மானிக்கிற உரிமையைக் கொடுக்கச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குணலட்சுமியும் பார்த்தாள்.

நான் எழும்பினேன். என் வாழ்நாளில் ஆண்பிள்ளைகள் இருக்கிற கூட்டத்தில் எழும்பினது கிடையாது. ஓம், நான்தான் ஒளித்தது என்றேன். மருமகன் செத்துப்போனார் என்று நினைத்து ஒளித்தேன் என்றேன். மடியிலிருந்து தந்தியை எடுத்தேன். ஒட்டினபடியே இருந்தது. ரீச்சரின் கையில் கொடுத்து, எல்லாருக்கும் கேட்க வாசியுங்கோ பிள்ளை என்றேன். வெட்டு என்று இருக்கும், என்னை ஊர் கல்லெறியட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ரீச்சர் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தா. பிறகு இங்கிலீசில் வாசித்தா. அது வாங்கில் இருந்த படித்த ஆட்களுக்கு விளங்கி, அவர்கள் முகம் மாறினது. பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னா.

"அப்பாவின் சொற்படி செய்க. சீவரத்தினம்."

அவ்வளவுதான் இருந்தது.

உமக்குத் தெரியும் அதிலே என்ன இருந்தது என்று. ஒரு மணித்தியாலத்தில் அடித்தேன், ஒரு மணித்தியாலத்தில் அடித்தேன் என்று எழுதினீர். என்ன அடித்தீர் என்று நான் கேட்டேன். நீர் சொல்லவில்லை. மூன்று மாதம் அவளைக் கொன்றவள் நான் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். நீரும் அதை அப்படியே இருக்க விட்டீர். உம்மில் கோபித்துக்கொண்டு எழுதவில்லை தம்பி. பயம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

பின் வாங்கிலிருந்து ஒரு கிழவர் உம்முடைய அப்பாவைக் கேட்டார். "அருளம்பலத்தார், உது நேரத்துக்கு வந்திருந்தால் நீர் என்ன சொல்லியிருப்பீர்?"

உம்முடைய அப்பா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "நான் என்னெண்டு சொல்லுறது. அது அவன்ரை பெண்சாதியல்லோ."

சொல்லிவிட்டு இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. டொக்டர் அவரைக் கேட்டார். அவர் உம்மைக் கேட்டார். நீர் அவரைக் கேளுங்கள் என்றீர். கட்டிலிலே அவள் எல்லாரையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

கூட்டம் என்ன முடிவு செய்தது என்று கேட்பீர். ஆலோசிக்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்பிள்ளைகள். உணர்ச்சி அடங்கின பிறகு இதைப் பேசுவோம் என்று தலைவர் சொன்னார். குணலட்சுமிக்கு மார்கழியில் பேறு. அதற்குள்ளே அடங்குமோ தெரியாது. போன எலெக்சனில் உம்முடைய அப்பா எனக்கும் அவளுக்கும் வண்டில் அனுப்பி, எந்த நிறப் பெட்டியில் வோட்டுத் துண்டைப் போடுகிறது என்று சொல்லியும் விட்டவர். ஊரை ஆள ஆளைப் பிடிக்க எங்களுக்குப் புத்தி போதுமாம்.

இனி எழுதப் போகிறதை ஒருத்தருக்கும் நான் சொல்லவில்லை. ரீச்சருக்கும் சொல்லவில்லை. தந்தியில் அப்படி இருந்தபடியால் நான் தப்பினேன் என்று அவ என் கையைப் பிடித்து அழுதா. நான் தப்பவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து நான் டொக்டரின் பின்னாலே திரிந்தவள். விறாந்தையில் விழுந்து காலைப் பிடித்தவள். ஐயா, அவள் கேட்கிறாள், வெட்டுங்கோ என்று மன்றாடினவள். பின்னேரம் தந்தியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு நான் மன்றாடவில்லை. லூர்த்தம்மா அதைக் கண்டுபிடித்தாள். ஏன் அம்மா பேசாமல் இருக்கிறீங்கள், டொக்டர் மேலே இருக்கிறார், இன்னும் ஒருக்கால் கேளுங்கோ என்றாள். நான் போகவில்லை.

ஏன் என்றால் நீர் செத்துவிட்டீர் என்று நினைத்தேன். அவள் பிழைத்து எழும்பினால் தாலியைக் கழற்ற வேண்டும். இருபத்திரண்டு வயது. நான் ஆறு வருடமாக அப்படி இருக்கிறவள். விடியக் காலமை ஒருத்தர் பயணம் புறப்பட்டால் நான் முற்றத்துக்கு வருவதில்லை. ஒரு கலியாணத்தில் முன்னுக்கு நிற்பதில்லை. அதெல்லாம் அவளுக்கும் வரும் என்று நினைத்தேன். பொட்டோடேயே போகட்டும் என்று நினைத்தேன். ஒரு கணம் இல்லை, அந்த இரவு முழுவதும் நினைத்தேன்.

விடிய அவளுக்கு வியர்த்து நெற்றிப் பொட்டுக் கலைந்துபோய் இருந்தது. நான் அவளுக்கென்று மடியில் வைத்திருந்த சிமிழை எடுத்து, குங்குமம் தொட்டுப் புதிதாக வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பொட்டு என்னத்துக்கணை இப்ப? டொக்டரைக் கூப்பிடு" என்றாள்.

நான் கூப்பிடவில்லை, தம்பி. போயிருந்தால் அவர் வந்திருப்பாரோ, வெட்டியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. டொக்டரும் உம்முடைய அப்பாவும் நீரும் அவளைக் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டு, அவளுக்கு எது நல்லது என்று நானும் எனக்குள்ளே முடிவு கட்டினேன். அவள் தாலி இல்லாமலும் சீவிக்க விரும்பியிருப்பாளோ என்று நான் அவளைக் கேட்கவில்லை.

இதை நீர் ஆருக்கும் காட்டலாம். உம்முடைய அப்பாவுக்கும் காட்டலாம். எனக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை.

மற்ற விசயம். உமக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தையில் வருவீராம். கோபம் இல்லை. நீர் செய்யும். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை தனியே இருக்க ஏலாது. அந்தப் பெண் ஆர் பெற்ற பிள்ளையோ தெரியாது. அவளையும் பேற்றுக்கு ஊருக்கு அனுப்புவீர்.

அதற்காக ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். என் கையால் எழுதினது. ரீச்சர் திருத்தவில்லை. அதில் இப்படி இருக்கும்: "சீவரத்தினம் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. என் பெண்சாதி தன் உடம்புக்கு இன்னது செய்யுங்கள் என்று தன் வாயால் சொன்னால் அதுவே போதும். என்னைக் கேட்க வேண்டாம். என் அப்பாவைக் கேட்க வேண்டாம். அவளுடைய தாயையும் கேட்க வேண்டாம்."

ஆசுப்பத்திரியில் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ நான் அறியேன். விண்ணப்பத்துக்குத் தரமாட்டேன் என்ற கையெழுத்தை இதற்காவது வையும். எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். தாலி கட்டின அன்றைக்கு அந்தப் பெண்ணின் கையிலே கொடும்.

பெண்சாதி என்ற இடத்துக்குப் பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுதும்போது கை தன்பாட்டில் பத்மாவதி என்று எழுதிவிட்டது. பிறகு சுரண்டி அழித்தேன். தாள் அந்த இடத்தில் மெலிந்துபோய் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரியும். பரவாயில்லை. அதுக்கு மேலேயே வரப்போகிறவளின் பெயரை எழுதும். மை ஊறாமல் மெல்ல எழுதும்.

தங்கமுத்து